86 மார்க் 4 அம்பாசிடரில் 1800 ஐ.எஸ்.இசட் பக்கெட் சீட்: ரெயில் துளை பொருந்தவில்லை, வழி சொல்லுங்கள்

#1 கரூர்_மார்க்4

எல்லோருக்கும் வணக்கம்.

வீட்டில் 1986 மார்க் 4 இருக்கிறது. அப்பா புதிதாக எடுத்த வண்டி. பெட்ரோல், ஸ்டீயரிங் கியர், முன்னால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே பெஞ்சு சீட். அப்பாவுக்கு இப்போது 74 வயது. போன வருடம் இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. உட்காரும்போது முழங்கால் இடுப்பைவிட மேலே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் பெஞ்சில் ஸ்பிரிங் தொய்ந்து குழி விழுந்துவிட்டது. உட்கார்ந்தால் உள்ளே இறங்கிவிடுகிறார். எழுந்திருக்க இரண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான் குட்டை. கிளட்ச் எட்டுவதற்கு பெஞ்சை முன்னால் தள்ளினால் அப்பா பக்கமும் சேர்ந்து முன்னால் போய்விடும். அவர் முழங்கால் டேஷ்போர்டில் முட்டுகிறது.

அதனால் கோவை உக்கடம் காயலான் கடையில் 1995 மாடல் அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட் வண்டியிலிருந்து கழற்றிய பக்கெட் சீட் ஒரு ஜோடி வாங்கி வந்தேன். தனித்தனியாக நகரும், சாயும், தலையணையும் இருக்கிறது. சீட் நகரும் ரெயில்களும் நல்ல நிலையில் இருக்கின்றன. ஒரே கம்பெனி, ஒரே பாடி, சில வருட வித்தியாசம்தானே, போல்ட்டைக் கழற்றி மாட்டிவிடலாம் என்று நினைத்தேன். வைத்துப் பார்த்தால் எதுவும் சேரவில்லை.

என் தரையில் பெஞ்சுக்கு மொத்தமே நான்கு துளைதான். பெஞ்சின் இடக்கோடிக்கு ஒரு ரெயில், வலக்கோடிக்கு ஒரு ரெயில். முன் துளைக்கும் பின் துளைக்கும் நடுவே 330 மி.மீ. பக்கெட் சீட்டுக்கோ ஆளுக்கு இரண்டு ரெயில். ரெயிலில் துளைக்குத் துளை 352 மி.மீ. வெளி ரெயிலை முன் துளையில் நிறுத்தினால் பின் துளை 22 மி.மீ. தள்ளி விழுகிறது. உள் ரெயிலுக்குத் தரையில் துளையே இல்லை.

ரெயில் துளையை நீளவாக்கில் அரத்தால் ராவி 22 மி.மீ. இழுத்துவிடலாமா? யாராவது செய்திருந்தால் சொல்லுங்கள்.

#2 நோவா90

நண்பரே, நான் 1990 அம்பாசிடர் நோவாவில் இதே வேலையைச் செய்தேன். துளையை இழுப்பதெல்லாம் வேண்டாம். சீட்டை வேண்டிய இடத்தில் வைத்து, எட்டு இடத்திலும் தரையில் புதுத் துளை போட்டு, அடியில் பெரிய வாஷர் கொடுத்து முறுக்கிவிட்டேன். அரை நாள் வேலை. நான்கு வருடமாக மதுரை, சென்னை என்று ஓடிக்கொண்டிருக்கிறது, அசைவு இல்லை. இதற்குமேல் யோசிக்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

#3 தகடுவேலை

கரூர் தம்பி, துளையை இழுக்காதே. ரெயில் என்பது மடித்த மெல்லிய தகடு. அதில் 22 மி.மீ. நீளத்துக்கு வாய் திறந்துவிட்டால் போல்ட் தலை பிடிக்க இரண்டு பக்கமும் ஓரம்தான் மிஞ்சும். பிரேக் அடிக்கும் ஒவ்வொரு தடவையும் சீட் அந்த வாய்க்குள் நகரப் பார்க்கும்.

நோவா தம்பி சொன்னதிலும் எனக்கு உடன்பாடு இல்லை. கோவையில் 30 வருடத்துக்கு மேல் டிங்கர் பட்டறை வைத்திருக்கிறேன். ஒரு மார்க் 3 வந்தது. எங்கேயோ ஒரு பட்டறையில் இதே மாதிரி தரையில் துளை போட்டு வாஷர் வைத்துக் கட்டியிருந்தார்கள். சிக்னலில் நின்ற வண்டியைப் பின்னாலிருந்து ஒரு லாரி இடித்திருக்கிறது; பெரிய வேகம் இல்லை. போல்ட் அறுபடவில்லை, நட்டு கழலவில்லை. முன் போல்ட் இரண்டும் வாஷரோடு சேர்ந்து தரைத் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிட்டன. ஓட்டியவர் சீட்டோடு மல்லாந்து பின் சீட்டில் விழுந்திருந்தார். கழுத்தில் பட்டை போட்டுக்கொண்டுதான் பட்டறைக்கு வந்தார். அந்த ஓட்டையை நான் கையால் தடவிப் பார்த்தேன். தகர டப்பா மூடியைக் கத்தியால் நெம்பினால் ஓரம் எப்படிப் பிதுங்கி நிற்கும், அப்படி நின்றது.

புதுத் துளை போடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. உள் ரெயிலுக்கு வேறு வழியில்லை, போட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அடியில் தகடு கொடுக்க வேண்டும், வாஷர் போதாது. வெளி ரெயிலுக்குக் கம்பெனித் துளை இருக்கிறது. அங்கே தரையைத் தொடாமல், சீட்டுக்கும் தரைக்கும் நடுவில் ஒரு பைப் சட்டம் செய்து வித்தியாசத்தை அந்தச் சட்டத்தில் சரிசெய்.

இன்னொன்று. உன் தரையில் இருக்கும் நட்டு என்ன மரை என்று பார்த்தாயா? அம்பாசிடர் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு என்ற இங்கிலாந்து காரின் வம்சம். பழைய வண்டியில் அங்குல மரைதான் அதிகம். 5/16 யு.என்.எஃப். (அங்குல மரையில் ஒரு வகை) நட்டில் 8 மி.மீ. (எம்8) போல்ட்டை விட்டால் இரண்டு சுற்று அழகாக உள்ளே போகும். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் யு.என்.எஃப். மரைக்கு அங்குலத்துக்கு 24 பல். ஒரு சுற்றுக்கு 1.06 மி.மீ. கீழே இறங்கும். சாதாரண எம்8 போல்ட் ஒரு சுற்றுக்கு 1.25. மூன்றாவது சுற்றில் இறுகும். "துரு பிடித்திருக்கிறது" என்று நினைத்து நீட்டு ஸ்பேனர் போட்டு முறுக்குவார்கள். மரை மழுங்கும், டைட் ஆன மாதிரி கைக்குத் தெரியும், ஆனால் பிடி இருக்காது. பழைய போல்ட் தலையில் 13 ஸ்பேனர் லேசாக ஆடினால் சந்தேகப்படு. அரை அங்குல ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தால் அது அங்குல போல்ட்.

#4 கரூர்_மார்க்4

அண்ணா, இப்போதுதான் போய்ப் பார்த்தேன். பழைய பெஞ்சு போல்ட்டில் 13 ஆடுகிறது, 1/2 கச்சிதம். நான்கில் ஒன்றில் யாரோ எம்8 போட்டு இறுக்கியிருக்கிறார்கள். பாதி மரையில் நிற்கிறது, கையாலேயே கழன்று வந்துவிட்டது. இத்தனை வருடம் இந்தப் பெஞ்சு மூன்று போல்ட்டில்தான் நின்றிருக்கிறது. வயிற்றைக் கலக்குகிறது.

#5 ரசமட்டம்

தகடுவேலை அண்ணன் கையால் பார்த்ததை நான் கணக்காகப் போட்டுக் காட்டுகிறேன்.

பின்னாலிருந்து இடி விழும்போது உட்கார்ந்திருப்பவரின் உடம்பு சீட் முதுகை அழுத்துகிறது. 70 கிலோ ஆளில் முதுகுப் பக்கம் சாயும் எடை 45 கிலோ என்று வையுங்கள். நடுத்தரமான இடியில் அது 15 மடங்காகத் தெரிந்தால் 675 கிலோ விசை. அந்த விசை போல்ட் மட்டத்திலிருந்து 450 மி.மீ. உயரத்தில் வேலை செய்கிறது. முன் பின் போல்ட் இடைவெளி 350 மி.மீ. நெம்புகோல் கணக்கில் முன் போல்ட் இரண்டும் சேர்ந்து தாங்க வேண்டியது சுமார் 870 கிலோ. ஒன்றுக்கு 430-க்கு மேல்.

8.8 முத்திரை (பலத்தைக் குறிக்கும் எண்) உள்ள எம்8 போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்குவது சுமார் 2,150 கிலோ. ஆகவே போல்ட் பாஸ். 30 மி.மீ. விட்டமுள்ள வாஷரின் பரப்பு ஏறக்குறைய 7 சதுர செ.மீ. பழைய தரைத் தகட்டில் துரு தின்றது போக மிச்சத்தை அந்த 7 சதுர செ.மீ.தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதுதான் கிழிகிறது.

பந்தயக் கார்களுக்கான சர்வதேச அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் விதியில் (பின்னிணைப்பு ஜே, 253-வது பிரிவு) இதற்கு நேரடியாகவே அளவு கொடுத்திருக்கிறார்கள். கம்பெனி சீட் பிடிமானத்தை மாற்றினால் ஒரு சீட்டுக்குக் குறைந்தது நான்கு இடம், 8 மி.மீ.க்குக் குறையாத போல்ட், ஒவ்வொரு இடத்திலும் 40 சதுர செ.மீ. தொடுபரப்பு, இரும்புத் தகடாக இருந்தால் 3 மி.மீ. தடிப்பு. நம் வண்டிக்கு அந்தச் சட்டம் கட்டாயம் இல்லை. ஆனாலும் இதைவிட நல்ல அளவுகோல் கைவசம் இல்லை. 65-க்கு 65 மி.மீ. வெட்டினால் 42 சதுர செ.மீ. கிடைக்கும். வாஷரைப் போல் ஆறு மடங்கு.

சாதாரண சாலைக் காருக்கான ஐ.நா. 17-வது விதிமுறையில் சீட்டும் அதன் பிடிமானமும் 20 ஜி-யை (எடையைப் போல் 20 மடங்கு விசை) 30 மில்லி விநாடி தாங்க வேண்டும். 15 கிலோ சீட் அப்போது 300 கிலோவாக இழுக்கும்.

கரூர் நண்பர் சட்டத்தின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். 50 மி.மீ. தூக்கினால் மேலே சொன்ன நெம்புகோல் 450-லிருந்து 500 ஆகிறது. போல்ட் மேல் இழுவை 11 சதவீதம் கூடும். அப்பாவுக்கு உயரம் தேவை என்பது புரிகிறது. அதில் முடிந்த அளவை ஃபோமில் எடுங்கள், மிச்சத்தை மட்டும் இரும்பில் எடுங்கள்.

#6 கரூர்_மார்க்4

நன்றி சார். ஒரு யோசனை: கதவு ஓரத்திலிருந்து அந்தக் கதவு ஓரம்வரை இரண்டு குறுக்குப் பைப் போட்டு, அதைக் கம்பெனித் துளை நான்கிலும் மாட்டி, இரண்டு சீட்டையும் அதன் மேல் வைத்தால் என்ன? தரையில் ஒரு துளைகூட போட வேண்டாம்.

#7 தகடுவேலை

வேண்டாம். பெஞ்சுக்கு நான்கு போல்ட் கொடுத்தது பழைய கணக்கு. இப்போது இரண்டு சீட், உயரமான முதுகு, தலையணை. எல்லா நெம்பும் அந்த நான்குக்கே போகும். நடுவில் பைப் அந்தரத்தில் தொங்கும், உட்கார்ந்து எழும்போதெல்லாம் வளையும். எட்டு இடம் வேண்டும். நான்கு பழையது, நான்கு புதியது.

துளை போடுவதற்கு முன் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி அடியில் படுத்துப் பார். பிரேக் பைப், பெட்ரோல் பைப், சைலன்சர் எங்கே போகின்றன என்று சாக்பீஸால் தரைக்கு மேலேயும் கோடு போட்டுக்கொள். முன் சக்கரத்து டார்ஷன் பார் (ஸ்பிரிங் வேலை செய்யும் முறுக்குக் கம்பி) வந்து பிடிக்கும் குறுக்குச் சட்டம் ஒன்று அடியில் இருக்கும். அதில் துளையும் போடாதே, வெல்டும் வைக்காதே. வண்டியின் முன் பாரம் அதில் நிற்கிறது.

#8 வைகைக்கரை

என்னிடம் 1800 ஐ.எஸ்.இசட் இருக்கிறது, தேனியில். மாமனார் காலத்து வண்டி, நான்தான் ஓட்டுகிறேன். கரூர் அண்ணனுக்கு உதவுமே என்று கார்பெட்டைத் தூக்கி அளந்தேன்.

என் வண்டித் தரையில் ஒரு சீட்டுக்கு நான்கு துளை. வெளி ரெயிலுக்கும் உள் ரெயிலுக்கும் நடுவே, மையத்திலிருந்து மையம், 395 மி.மீ. முன் பின் 352. நீங்கள் சொன்னதும் அதுவே. உள் துளைக்கு அடியில் கம்பெனியே தனித் தகடு ஒன்று வைத்து வெல்டு செய்திருக்கிறது, விரலால் தடவினால் அதன் ஓரம் தெரிகிறது. தரையின் நடு மேட்டுக்கு ஒட்டி வருகிறது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் வண்டியிலேயே ஓட்டுநர் பக்கம் ஒரு துளை யாரோ பெரிதாக்கியது. பழைய அம்பாசிடர் எதுவும் கம்பெனி விட்டபடி இருக்காது. எத்தனை பட்டறை பார்த்திருக்குமோ. என் அளவை வைத்து இரும்பு வெட்டிவிடாதீர்கள். உங்கள் தரையை நீங்களே அளந்துகொள்ளுங்கள்.

#9 கரூர்_மார்க்4

மிக்க நன்றி அக்கா. கார்பெட் தூக்கி அளப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியும்.

#10 கோவைஸ்விஃப்ட்

நடுவில் புகுந்ததற்கு மன்னிக்கவும். 2012 ஸ்விஃப்டில் 2021 மாடல் சீட் போட ஆசை. இதே மாதிரி பைப் சட்டம் செய்தால் ஆகுமா?

#11 ரசமட்டம்

ஆகாது, தயவுசெய்து வேண்டாம். அம்பாசிடர் சீட் என்பது இரும்பும் ஃபோமும் மட்டும். அதற்குக் கீழே வயர் கிடையாது. புது வண்டிகளில் பெல்ட் கொக்கி சீட்டோடு சேர்ந்தே வரும், அதற்குள் பெல்ட் எச்சரிக்கை சுவிட்ச் இருக்கும். 2019 ஜூலையிலிருந்து தயாரித்த கார்களுக்கு முன் சீட் இரண்டுக்கும் பெல்ட் எச்சரிக்கை கட்டாயம். சில மாடல்களில் சீட் முதுகிலேயே ஏர்பேக் இருக்கும். பெல்ட் கொக்கி சீட்டில் இருந்தால் விபத்தில் ஆளின் பாரமும் சீட் போல்ட் வழியாகத்தான் தரைக்குப் போகும். நீங்கள் நடுவில் வைக்கும் பைப் அத்தனையையும் தாங்க வேண்டும். பட்டறையில் அதைச் சோதித்துப் பார்க்க வழியே இல்லை. உங்கள் வண்டியின் அதே தலைமுறை, அதே வகை சீட் தேடுங்கள். அல்லது இருக்கும் சீட்டுக்கு நல்ல குஷன் கடையில் ஃபோம் மாற்றுங்கள்.

#12 கரூர்_மார்க்4

வேலை முடிந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. நடந்ததை முழுதாக எழுதுகிறேன், பின்னால் வருபவர்களுக்குப் பயன்படும்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்றினோம். பெஞ்சை எடுத்துவிட்டு, தரைத் துருவை வயர் பிரஷால் தேய்த்தோம். ஓட்டுநர் பக்கம் வெளித் துளைக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்குத் தகடு சல்லடையாகி இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டு செய்த பிறகுதான் மற்ற வேலையைத் தொட்டோம். எம்8 போட்டு மழுங்கிய நட்டில் 5/16 யு.என்.எஃப். டேப் விட்டுப் பார்த்தோம், பல் நிற்கவில்லை. அந்த நட்டை அறுத்துவிட்டுப் புது நட்டு வைத்தோம்.

சட்டத்துக்கு 40-க்கு 25 ரெக்டாங்குலர் பைப், சுவர் 3 மி.மீ. படுக்கையாக வைத்தோம், உயரம் 25 மட்டும். பைப்பை அப்படியே துளைத்து போல்ட் முறுக்கினால் பைப் நசுங்கும். போல்ட் போகும் ஒவ்வொரு இடத்திலும் லேத்தில் கடைந்த புஷ் (கெட்டியான குழாய்த் துண்டு) ஒன்றைக் குறுக்கே விட்டு, இரண்டு பக்கமும் வெல்டு வைத்தோம். இப்போது முறுக்கும் விசை புஷ் வழியாக நேரே தரைக்குப் போகிறது.

வெளி ரெயிலுக்கு முன்னால் சிக்கல் இல்லை. ரெயில் துளையும் தரைத் துளையும் நேர்நேர். ஒரே நீள போல்ட் இரண்டையும் பிடிக்கிறது. பின்னால்தான் அந்த 22 மி.மீ. அங்கே இரண்டு போல்ட். தரைக்குப் போகும் அங்குல போல்ட் பைப்பின் அடிச்சுவரை மட்டும் பிடிக்கும். அதனால் உள்ளே 5 மி.மீ. தகடு வைத்து வெல்டு செய்து, சாக்கெட் இறங்குவதற்கு மேல் சுவரில் 22 மி.மீ. வாய் திறந்தோம். சீட் போல்ட் அதற்குப் பின்பக்கம் இருக்கும்படி சட்டத்தை அந்தக் கோடியில் கொஞ்சம் நீட்டிக்கொண்டோம். சீட்டுக்குப் போகும் போல்ட்டை அடியிலிருந்து புஷ்ஷில் விட்டு, தலையை வெல்டு செய்து நிரந்தர ஸ்டட்டாக வைக்கலாமா என்று கேட்டேன். தகடுவேலை அண்ணன் போனில் திட்டினார்: ஹைடென்சில் போல்ட்டைச் சூடாக்கினால் அதன் பதம் போய்விடும். எனவே வெல்டு இல்லை. பைப்பின் அடியில் போல்ட் தலை சுழலாமல் இருக்கப் பக்கத்தில் சிறு கட்டை மட்டும் வைத்தோம்.

வெல்டு முழுவதும் சீட்டை வெளியே தள்ளி வைத்துவிட்டுத்தான். ஃபோமில் பொறி விழுந்தால் உடனே தெரியாது, உள்ளுக்குள் கனன்று கொண்டே இருக்கும். ரெயில் பக்கம் வெல்டிங் கொண்டு போகவே இல்லை. தெறிக்கும் மணி ஒன்று உருளைப் பாதையில் ஒட்டினாலும் ரெயில் கெட்டது.

உள் ரெயிலுக்கு, முதலில் மேலிருந்து 4 மி.மீ. துளை. பிறகு அடியில் படுத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒரு துளை பெட்ரோல் பைப்பிலிருந்து ஒரு விரல் தள்ளி வந்திருந்தது. சாக்பீஸ் கோடு போட்டிருக்காவிட்டால் பைப்பில்தான் இறங்கியிருக்கும். அப்புறம்தான் 8.5-க்குப் பெரிதாக்கினோம். அடியில் 65-க்கு 65, 3 மி.மீ. தகடு. நான்கு மூலையையும் உருட்டிவிட்டோம், கூர்மூலை தரைத் தகட்டை அறுக்கும் என்று அண்ணன் சொன்னார். ரெட் ஆக்சைடு அடித்து, ஓரம் முழுக்க சீலன்ட் பூசினோம். இங்கே எல்லாம் எம்8, 8.8, நைலாக் நட்டு (அதிர்வில் கழலாத நட்டு).

பூட்டும்போது ஒரு பாடம். எல்லா போல்ட்டையும் முறுக்கிவிட்டு சீட்டை நகர்த்தினால் பாதியில் சிக்கியது. ரெயில் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இல்லை. மூலைவிட்டம் அளந்ததில் 4 மி.மீ. வித்தியாசம். எல்லாவற்றையும் தளர்த்தி, சீட்டைக் கடைசிவரை பின்னால் தள்ளி முன் போல்ட்டைக் கைமுறுக்கு, பிறகு கடைசிவரை முன்னால் தள்ளிப் பின் போல்ட்டைக் கைமுறுக்கு, இப்படி இரண்டு முறை செய்தேன். ரெயில் தானாகவே தன் இடத்தைத் தேடிக்கொண்டது. அதன் பிறகு டார்க் ஸ்பேனரில் 25 நியூட்டன் மீட்டர். இப்போது ஒரு விரலால் தள்ளினால் நகர்கிறது. லிவரை விட்டால் இரண்டு பக்கமும் 'டக்' என்று ஒரே நேரத்தில் பூட்டு விழுகிறது. அந்தச் சத்தத்தைக் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் விழுந்தால் சீட் பாதிப் பூட்டில் நிற்கிறது என்று அர்த்தம்.

#13 குஷன்கடை_ஈரோடு

நல்ல வேலை. அப்பா பக்கம் ஃபோமை நாங்கள் செய்து தருகிறோம். அடியில் ரப்பர் போட்ட தேங்காய் நார் மெத்தை, மேலே கெட்டி ஃபோம். மெத்தென்று கேட்காதீர்கள். இடுப்பு வைத்தவர்களுக்கு மெத்தென்று இருந்தால் பின்பக்கம் இறங்கி முழங்கால் மேலே போகும். முன் ஓரத்தைவிடப் பின்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கி வெட்டலாம்.

#14 நோவா90

கரூர் நண்பரின் பதிவைப் படித்துவிட்டு நேற்று என் வண்டியின் கார்பெட்டைத் தூக்கி, அடியிலும் படுத்துப் பார்த்தேன். நான்கு வருடமாக ஒன்றும் இல்லை என்று மேலே எழுதியிருந்தேன். ஓட்டுநர் சீட் முன் போல்ட் இரண்டிலும் வாஷரைச் சுற்றித் தரை கிண்ணம் மாதிரி மேலே எழும்பியிருக்கிறது. ஒன்றில் வாஷர் ஓரத்திலிருந்து மயிரிழை மாதிரி வெடிப்பு, ஒரு அங்குல நீளம் இருக்கும். சீட்டை ஆட்டிப் பார்த்தால் இப்போதும் அசைவு தெரியவில்லை. அடியில் போய்ப் பார்க்காவிட்டால் தெரிந்தே இருக்காது.

வண்டியை நிறுத்திவிட்டேன். தகடுவேலை அண்ணா, வெடிப்பை என்ன செய்வது?

#15 தகடுவேலை

சொன்னதற்கு சந்தோஷம் தம்பி. வெடிப்பின் கடைசி முனையைத் தேடி அங்கே 3 மி.மீ. துளை போடு, அதற்குமேல் ஓடாது. எழும்பிய கிண்ணத்தை மரச்சுத்தியால் மட்டத்துக்குத் தட்டு. வெடிப்பை வெல்டு வைத்து ராவி, பிறகு 3 மி.மீ. தகடு அடியில். உன் வண்டியில் அந்த இடம் பலவீனமாகிவிட்டதால் முன் இரண்டு துளைக்கும் சேர்த்து ஒரே நீளத் தகடாகக் கொடு. இந்தப் பக்கம் வந்தால் பட்டறைக்கே கொண்டு வா, நானே பார்க்கிறேன்.

#16 வைகைக்கரை

பெல்ட் பற்றி யாரும் பேசவில்லையே. மார்க் 4-ல் பெல்ட் வராதே?

#17 ரசமட்டம்

சரியான கேள்வி. முன் சீட் பெல்ட் நம் நாட்டில் 1994 மார்ச்சிலிருந்துதான் கம்பெனியே பொருத்த வேண்டும் என்று வந்தது. 86 வண்டிக்கு அது பொருந்தாது. ஆனால் சாயும் சீட் போட்ட பிறகு பெல்ட் இல்லாமல் ஓட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கொக்கியைப் பைப் சட்டத்தில் மாட்டாதீர்கள். ஐ.நா. 14-வது விதிமுறையில் மூன்று முனை பெல்ட்டைச் சோதிக்கும்போது தோள் பட்டைக்கு 1,350, இடுப்புப் பட்டைக்கு 1,350 டெக்காநியூட்டன் இழுக்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒன்றேகால் டன்னுக்கு மேல். அது பாடியில்தான் போய்ச் சேர வேண்டும். கொக்கிக்கு நடு மேட்டின் ஓரத்தில் தனித் துளை, தனித் தகடு. பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 யு.என்.எஃப். மரையில் வரும், பெல்ட்டோடு வந்த போல்ட்டையே போடுங்கள்.

மேல் பிடி நடுத்தூணில் (முன் கதவுக்கும் பின் கதவுக்கும் நடுவில் உள்ள தூண்), உட்கார்ந்திருப்பவரின் தோளுக்குக் கீழே போகக் கூடாது. கீழே போனால் மோதலில் பட்டை தோளை அழுத்தி முதுகெலும்பை நசுக்கும். நீங்கள் சீட்டை 25 மி.மீ. தூக்கியிருக்கிறீர்கள், ஃபோமும் தூக்கியிருக்கிறது. அப்பாவை உட்கார வைத்து, தோளைப் பார்த்துக் குறித்துக்கொண்டு பிறகு துளை போடுங்கள். தூணுக்கு உள்ளே தகடோடு நட்டு வைக்க வேண்டும். அது அனுபவமுள்ள டிங்கர் செய்யும் வேலை.

#18 நோவா90

ஆர்.டி.ஓ. பக்கம் பிரச்சினை வருமா?

#19 ரசமட்டம்

மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, பதிவுச் சான்றில் உள்ள விவரம் கம்பெனி முதலில் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. ஆர்.சி. புத்தகத்தில் எத்தனை இருக்கை என்று போட்டிருக்கிறது பாருங்கள். பெஞ்சு போய் பக்கெட் வரும்போது அந்த எண்ணிக்கை மாறினால் அது ஆர்.சி. விவர மாற்றம். கரூர் நண்பரின் வண்டிக்குப் பதிவை மறுபடி புதுப்பிக்கும் முறை வரும். அதற்கு முன்பே பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, எழுத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. செய்த வேலையின் படங்களையும் போல்ட் வாங்கிய பில்லையும் வைத்திருங்கள்.

#20 கரூர்_மார்க்4

ஆர்.சி.யில் ஓட்டுநரோடு ஐந்து என்று இருக்கிறது. முன்னால் இரண்டு, பின்னால் மூன்று, கணக்கு சரி. ஆனாலும் அடுத்த வாரம் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மனு கொடுக்கிறேன்.

பெல்ட் போட்டாயிற்று. ஈரோட்டில் ஃபோமும் முடிந்தது. அப்பாவை உட்கார வைத்து நாற்காலி மாதிரி பக்கத்திலிருந்து மட்டப்பலகை பிடித்துப் பார்த்தேன். முழங்கால் இடுப்பைவிட இரண்டு விரல் கீழே இருக்கிறது. நான் என் சீட்டை முன்னால் தள்ளினேன். அவர் சீட் நின்ற இடத்தில் நின்றது. "உன் அம்மா இருந்தபோது இதைச் செய்திருக்கலாம்" என்றார். அம்மாவுக்கும் முழங்கால் வலி உண்டு.

நேற்று பழனிவரை போய் வந்தோம். வழியில் ஒரு இடத்தில் நிறுத்தி இறங்கினார், கதவைப் பிடித்துக்கொண்டு தானே எழுந்தார்.

500 கி.மீ. முடிந்ததும் எல்லா போல்ட்டையும் மறுபடி டார்க் பார்த்தேன். அப்பா பக்கம் உள் பின் போல்ட் ஒன்று மட்டும் கால் சுற்று வாங்கியது. தகட்டுக்கு அடியில் பூசிய சீலன்ட் அமுங்கியிருக்க வேண்டும். மற்ற எல்லாம் வைத்த இடத்தில் இருக்கின்றன. ஆயிரத்தில் இன்னொரு முறை பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

#21 தகடுவேலை

அந்தப் போல்ட் தலைக்கும் தகட்டுக்கும் சேர்த்து பெயின்டில் ஒரு கோடு இழுத்து வை. அடுத்த முறை ஸ்பேனர் போடாமலே தெரியும்.